ஆலய முன்றிலிருந்து வன்னிப் பாதைக்கு

புளியங்குளத்திற் கண்டி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பும் பாதை நெடுங்கேணியைத் தொட்டு முல்லைத்தீவுப் பக்கம் செல்கின்றது. இப்பகுதி மக்களுக்குக் கூத்துப் புதிதன்று. முள்ளியவளைக் கோவலன் கூத்தும், வற்றாப்பளைக் கண்ணகியம்மன் பொங்கலும் அவர்தம் வாழ்வோடு இணைந்தவை. இத்தகைய நாட்டிலே கிறித்தவர்தம் இசைநாடகம் ஊர்கடந்து செல்வது எங்ஙனம்?

அந்நாடகத்தின் பிறப்பிடம் ஆலயம். 1705இல் இலங்கைக்கு வந்த கோவைக் குருவாகிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழில் ஆக்கிய வியாகுலப் பிரசங்கம், தவக்காலத்தில் ஒப்பாரியின் உருக்கத்தோடு பாடப்பெற்று வந்தது. பேசாலை முதலிய ஊர்களில் 'உடக்குப் பாஸ்' தோன்றிற்று. உடக்கு என்பது மனித உருவிற் சமைத்த பாவை. பாவைகள் பாடுகளை நிகழ்த்திக் காட்ட, பின்னின்று பாடுவர். அப்பாவைகளை வண்டியில் ஏற்றி அயலூருக்குக் கொண்டு செல்ல எவர் துணிவர்? அவை வணக்கத்துக்குரியன, ஊரின் நேர்த்திக்கு உரியன. பாவையின் இடத்தில் மனிதன் நின்ற பின்னரே நாடகத்துக்குக் கால் முளைத்தது எனலாம்.

நீளமும் ஒரு தடையே. மன்னார்க் கத்தோலிக்க நாடகங்கள் ஓரிரவில் முடிவன அல்ல. அவற்றின் சுருங்கிய வடிவமாக வாசகப்பா வழங்கிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் 'என்றீக்கு எம்பரதோர்' நாடகத்தையும், 1966இல் 'மூவிராசாக்கள்' நாடகத்தையும் பதிப்பித்தார். அண்ணாவிமாரின் ஏட்டிலும் கொப்பியிலும் அடங்கிக் கிடந்தவை அச்சேறியமை சிறு காரியமன்று.

1965இல் கிளிநொச்சியை அடுத்த உருத்திரபுரத்தில் நீ. மரியசேவியர் அடிகள் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். இரணைமடு நீரால் விளையும் அக்குடியேற்றத்து மக்கள் பெரும்பாலும் கமக்காரர். கூலிக்கு ஆடும் நடிகரல்லர். திருப்பாடுகளின் நாடகங்களே பின்னாளில் அம்மன்றத்தின் அடையாளமாயின.

கமக்காரன் நடிகனாவதில் ஓர் இடர் உண்டு. தவக்காலம் பெரும்பாலும் மாசி, பங்குனியில் அமையும். காலபோக அறுவடையும் அப்போதே. பகலில் அரிவாள் பிடித்த கை இரவில் உரோமப் போர்வீரனின் ஈட்டியைப் பிடிக்க வேண்டும். ஒத்திகைக்கு ஆள் சேர்ப்பதே அண்ணாவியார்க்குப் பெரும்பாடு. வெள்ளுடுப்பு நாளிலேதான் எல்லாரும் ஒருங்கே கூடுவர். அயலூர் செல்வதாயின் உடுப்புப் பெட்டி, மத்தளம், ஆர்மோனியம், விளக்கு யாவும் உடன் செல்ல வேண்டும். குளக்கட்டுப் பாதையிலே சிலுவைமரம் ஏற்றிய வண்டியின் பின்னே நடப்பது எளிதன்று.

சைவர் மிகுந்த ஊரில் அந்நாடகத்தை யார் கேட்பர் என ஐயுறலாம். கோவலன் கொலையுண்ட பின் கண்ணகி அரற்றும் பாடலை ஆண்டுதோறும் கேட்ட செவிக்கு, மைந்தனை மடியிற் கிடத்திய தாயின் புலம்பல் அந்நியமாகாது. சமயம் வேறு, ஒப்பாரி ஒன்று. ஆயினும் ஓர் இழப்பும் உண்டு. தன்னூர் ஆலய முன்றிலில் நடிப்பவனுக்கு அது வழிபாடு. பிறவூர் மேடையில் அவனே கலைஞன் எனப் போற்றப்படுகின்றான். கைதட்டல் கேட்டுப் பழகியவன் நேர்த்தியை மறத்தல் கூடும் எனப் பழைய அண்ணாவிமார் அஞ்சியிருப்பின் அவ்வச்சத்தைப் புறக்கணித்தல் தகாது.

1990களில் திருமறைக் கலாமன்றக் குழுவினர் ஐரோப்பிய நாடுகளுக்கும் சென்று நடித்தனர். அதே பத்தாண்டில், 1995 ஒக்டோபர் இறுதியில், யாழ்ப்பாணத்தார் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தனர். அவருட் பலர் கிளாலிக் கடலைக் கடந்து வன்னியை அடைந்தனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் உருத்திரபுரத்தில் அரும்பிய கலையைப் பயின்றோரும் அவ்வழியே வந்தனர், இம்முறை உடுப்புப் பெட்டிகள் இன்றி.