பெயர் தொலைந்த கோப்புகள்



2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் செல்லூர்ப் பிள்ளைகள் பலரும் கணினி வாங்கினீர்கள். விண்டோசோடு, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் அதில் இருந்தது. எதற்குள் போகவேண்டும் என்று தொடக்கத்தில் ஒரு கறுப்புத் திரை கேட்குமே, அதுதான் பூட்லோடரின் முகம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். ஆரம்ப காலத்தில் அதை எழுப்பிவிட்டது வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ. கணினி கிளம்பும் நேரத்தில் லிலோ கோப்பின் பெயரைப் பார்க்காது. டிஸ்கில் கெர்னல் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்று முன்பே குறித்துவைத்து, நேரே அங்கே போகும். நம் பழைய போஸ்ட்மேன் அப்படித்தான். கதவு எண் பார்க்கமாட்டார். கண்மாய்க்கரையில் வேப்பமரத்துக்கு அடுத்த வீடு என்றால் போதும். ஆனால் கெர்னலை மாற்றிவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தால் கதை முடிந்தது.

1995-இல் எரிக் போலின் தொடங்கிய க்ரப், டிஸ்கின் அடைவுகளைத் தானே படித்து, பெயரைச் சொல்லித் தேடும். இது வசதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. லிலோவின் வளர்ச்சிப் பணி 2015-இல் நின்றும் போனது. ஆனால் பெயரை நம்பித் தேடுபவருக்குப் பெயர்ப்பலகை அழிந்தால் வீடு கிடைக்காது.

அப்படித்தான் ஆனது, தறிக்காரர் வீட்டு மாணவி ஒருத்தியின் கணினிக்கு. பேட்டரி செத்துப்போனதால் கரண்ட் போகும்போதெல்லாம் பட்டென்று அணையும். ஒருநாள் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்று நின்றுவிட்டது. கடையில் ஃபார்மட் பண்ணிவிடலாம் என்றார்கள். காலமான அவள் அப்பாவின் படங்கள் அதில்தான் இருந்தன; வேறு நகல் கிடையாது.

லினக்சில் கோப்பின் உள்ளடக்கம் ஓரிடம், பெயர் வேறிடம். உள்ளடக்கத்துக்கு ஒரு எண் உண்டு. எந்தப் பெயர் எந்த எண்ணுக்கு என்பதை அடைவு வைத்திருக்கும். அடைவு கெட்டால் பெயர்தான் போகும், பொருள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.

பெங்களூரில் வேலைபார்க்கும் என் மாணவன் வாட்ஸ்அப்பில் சொல்லச் சொல்லச் செய்தோம். முதலில் டிஸ்க் முழுவதையும் நகலெடுத்தோம். பிறகு பென்டிரைவில் இருந்த லினக்ஸில் கிளம்பி, அந்தப் பகுதியைத் திறக்காமலேயே 'எஃப்எஸ்சிகே' ஓட்டினோம். பெயரற்ற கோப்புகளை அது 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்ற அடைவில், வெறும் எண்களோடு போட்டுவைக்கும். 'ஃபைல்' என்ற கட்டளை ஒவ்வொன்றின் உள்ளே பார்த்து இன்னது என்று சொல்லும். ஒன்றைக் கெர்னல் என்றது, பதிப்பு எண்ணோடு. க்ரப் தேடிய அதே பெயரை வைத்து, பூட் அடைவில் போட்டோம். கிளம்பிவிட்டது.

படங்களும் அங்கேயே இருந்தன, எண்களாக. எது எந்தக் கல்யாணம், எது எந்தத் திருவிழா என்று அவள் அம்மா பார்த்துச் சொல்ல, அவள் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள். பாதிதான் முடிந்திருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு கணினி கிடந்தால், ஃபார்மட் பண்ணுமுன் எனக்கு ஒரு போன் போடுங்கள்.