பைப் புகையும் புலிக்கதையும்: ஓசூர் காடுகளின் பழைய போட்டி

காவேரிப்பட்டினம் என்றதும் பலருக்கு கோவலனும் கண்ணகியும் ஞாபகத்துக்கு வந்துவிடுவார்கள். அது பூம்புகார். இது கிருஷ்ணகிரி மாவட்டத்து காவேரிப்பட்டினம். இங்கே காவிரியும் இல்லை, கடலும் இல்லை. ஊரை ஒட்டி ஓடுவது தென்பெண்ணை. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் மாந்தோப்புகளுக்கு நடுவே இந்த ஊரைக் கடந்திருப்பார்கள்.

ஊர் சின்னதுதான், ஆனால் பழையது. ஒரு காலத்தில் இங்கே கோட்டை இருந்தது. 1767-ல் முதலாம் மைசூர் போர் தொடங்கியபோது ஆங்கிலேயர்களும் ஹைதர் அலியும் இந்தக் கோட்டைக்காக மோதிக்கொண்டார்கள். இந்தப் பகுதிக்கு அப்போது பாராமகால் என்று பெயர். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிறகு வெகுகாலம் சேலம் மாவட்டம். 1965-ல் தருமபுரி மாவட்டம். 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம்.

இந்த மாவட்டக் கணக்கு இப்போது எதற்கு? காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் வந்த பழைய வேட்டைக்கதைப் புத்தகங்களில் 'சேலம் மாவட்டம்' என்று பார்க்கிற நிறைய பேர் ஏற்காட்டையும் சேர்வராயன் மலையையும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கதைகளில் பாதி நடந்தது காவேரிப்பட்டினத்துக்கு மேற்கேயும் வடமேற்கேயும் தென்மேற்கேயும் இருக்கும் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, ஜவளகிரி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில்! அந்தக் கதைகளை எழுதியவர் வாயில் பைப்போடு காட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெங்களூர்க்காரர். பெயர் கென்னத் ஆண்டர்சன்.

முதலில், புகையிலையைப் பற்றிய ஒரு போட்டிக்கதை

புகையிலை நம் நாட்டுச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் மூலமாக வந்தது. 17-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அது அக்பர் அரண்மனைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. மகன் ஜஹாங்கீர் அதற்குத் தடை போட்டார். தடை நிற்கவில்லை, புகையிலை நின்றுவிட்டது.

தமிழ்நாட்டிலும் அது சீக்கிரமே இலக்கியத்துக்குள் நுழைந்தது. சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர் 'புகையிலை விடு தூது' என்று ஒரு நூலே பாடியிருக்கிறார். பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்புகிற நூல் அது. உ.வே.சாமிநாதையர் அதைத் தேடிப் பதிப்பித்தார். அதில் புகையிலைக்குப் பெயர் வந்த கதை ஒன்று வருகிறது.

மும்மூர்த்திகளுக்குள் ஒரு வழக்கு. சபையில் ஆளுக்கு ஒரு இலை கொடுத்து, மறுபடி கொண்டுவரச் சொன்னார்கள். சிவனிடம் இருந்த வில்வத்தைக் கங்கை அடித்துக்கொண்டு போய்விட்டது. திருமாலிடம் இருந்த துளசியைப் பாற்கடல் கொண்டுபோய்விட்டது. பிரமன் மட்டும் தன் இலையைச் சரஸ்வதியிடம் கொடுத்து வைத்திருந்தார். கேட்டபோது, மற்ற இரண்டும் போய்விட்டன, என்னுடையது 'போகையிலை' என்று எடுத்து வைத்தாராம். போகாத இலை! அதுவே புகையிலை ஆகிவிட்டதாம்.

இது நம்பச் சொன்ன கதை இல்லை, ரசிக்கச் சொன்ன கதை என்று சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

பைப்புக்கும் கதைக்கும் என்ன உறவு?

சிகரெட் அவசரக்காரனுடையது. பற்றவைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பைப் அப்படி இல்லை. தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்க வேண்டும். மேலே லேசாகவும் இருக்கக்கூடாது, இறுக்கமாகவும் இருக்கக்கூடாது. பற்றவைத்ததும் தூள் உப்பி எழும், அதை அமுக்கிவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும். வேகமாக இழுத்தால் நாக்கு சுடும், மெதுவாக இழுத்தால் அணைந்துபோகும்.

இதற்கென்றே வெளிநாட்டு பைப் சங்கங்களில் ஒரு போட்டி உண்டு. எல்லாருக்கும் ஒரே அளவாக 3 கிராம் புகையிலை, 2 தீக்குச்சி. யார் பைப் கடைசிவரை அணையாமல் இருக்கிறதோ அவர் ஜெயித்தார். வேகத்துக்குப் பரிசு கொடுக்கிற உலகத்தில் நிதானத்துக்குப் பரிசு கொடுக்கும் அபூர்வமான போட்டி!

கதை சொல்கிறவனுக்கு இந்த நிதானம் ரொம்ப வசதி. "புதர் அசைந்தது..." என்று சொல்லிவிட்டு பைப்பை எடுத்து அமுக்கலாம். கேட்கிறவன் துடித்துப்போவான்.

கதைக்கும் தனியாகப் போட்டி உண்டு. இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதியில் சான்டன் பிரிட்ஜ் என்ற ஊரில் 'உலகின் மகா பொய்யன்' யார் என்று ஒரு போட்டி நடத்துகிறார்கள். 19-ம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் விடுதி நடத்திய வில் ரிட்சன் என்பவரின் நினைவாக. எங்கள் ஊர் டர்னிப் கிழங்கு எவ்வளவு பெரிசு தெரியுமா, ஜனங்கள் குடைந்து எடுத்துச் சமைத்துவிட்டு மிச்சக் கூட்டை ஆட்டுப்பட்டியாக வைத்துக்கொள்வார்கள் என்று அளந்தவர் அவர். போட்டிக்கு நேரம் 5 நிமிடம்தான். அரசியல்வாதிகளும் வக்கீல்களும் கலந்துகொள்ளக்கூடாது. அவர்களுக்குத் தொழில் அனுபவம் ஜாஸ்தியாம்!

அங்கே பொய் சொன்னால் சிரிப்பு, கைதட்டல். யாருக்கும் நஷ்டமில்லை. ஓசூர் காட்டோரத்தில் கதை சொன்னவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

யார் இந்த ஆண்டர்சன்?

1910-ல் பிறந்தவர். ஸ்காட்லாந்து வம்சாவளி. ஆனால் குடும்பம் ஆறு தலைமுறையாக இந்தியாவில். பெங்களூரில் படித்து, பெங்களூரிலேயே விமானத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தார். கன்னடம், தமிழ் இரண்டும் பேசுவார். லீவு கிடைத்தால் போதும், .405 வின்செஸ்டர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓசூர் பக்கம் வந்துவிடுவார். இரவு முழுக்கப் பரணில் உட்காரப் போகும்போது போர்வை, டீ பிளாஸ்க் இவற்றோடு பைப்பும் கூடப் போகும்.

முதல் புத்தகம் 'நைன் மேன் ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்' 1954-ல் வந்தது. அதிலேயே இரண்டு கதைகள் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடப்பவை.

ஒன்று ஜவளகிரி பெண்புலி. இணைப்புலி சுடப்பட்டபிறகு அந்தப் பெண்புலி இரவெல்லாம் உறுமிக்கொண்டு அலைந்தது. அதைச் சுடப்போன ஒரு இளைஞர் காயப்படுத்திவிட்டார், கொல்லவில்லை. காயப்பட்ட புலி மனிதர்களை அடிக்க ஆரம்பித்தது. கடைசியில் ஆண்டர்சன் ஆண்புலியைப் போலக் குரல் கொடுத்தார். தன் துணை கூப்பிடுகிறது என்று நம்பி அது வந்தது. சுட்டார். ஒரு பொய்க்குரலை நம்பிச் செத்த புலி அது. தான் ஜெயித்த விதத்தில் அவருக்கே பெருமை இல்லை என்பது கதையைப் படித்தால் தெரியும்.

இன்னொன்று தளிப் பக்கத்துக் கும்மளாபுரம் சிறுத்தை. சுமார் 250 சதுர மைல் பரப்பில் 42 பேரைக் கொன்றதாக அவர் எழுதியிருக்கிறார். அந்தி சாய்ந்தால் கதவு திறக்காத கிராமங்கள். காலைக்கடனுக்குக் கூட வெளியே வர பயப்பட்ட ஜனங்கள்.

புளுகா, நிஜமா?

ஆண்டர்சனைப் படிக்கிறவர்கள் எப்போதும் கேட்கிற கேள்வி இது. வடக்கே குமாவூனில் ஜிம் கார்பெட் சுட்ட ஆட்கொல்லிகளுக்கு அரசாங்கப் பதிவுகள் நிறைய உண்டு, பத்திரிகைகளும் எழுதின. ஆண்டர்சனின் எல்லாக் கதைகளுக்கும் அப்படி ஆதாரம் காட்ட முடியாது. கணக்குப் பாஷையில் சொன்னால் பேரேட்டில் பதிவு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் வவுச்சர் இல்லை. உரையாடல்களை வரிக்கு வரி எழுதியிருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கும் என்றுதான் தோன்றும்.

வேட்டைக்காரர்கள் ஒன்று சேர்ந்தால் நடப்பது எங்கும் ஒன்றுதான். ஒருவர் எட்டடிப் புலி என்றால் அடுத்தவர் புலி ஒன்பதடி ஆகிவிடும். தோலை எப்படி அளப்பது என்பதிலேயே அந்தக் காலத்தில் பெரிய தகராறு. மூக்கிலிருந்து வால்நுனிவரை நேராக அளப்பதா, உடம்பின் வளைவோடு டேப் வைத்து அளப்பதா? வளைவோடு அளந்தால் சில அங்குலம் கூடுதலாக வரும். கிளப் நாற்காலியில் உட்கார்ந்து பைப் பிடிக்கும்போது அந்தச் சில அங்குலம் பெரிய விஷயம். இது நட்பான போட்டி. பரிசு இல்லை, கோபமும் இல்லை.

ஆனால் கிராமத்துத் திண்ணையில் கணக்கு வேறு. "புலி செத்துப்போச்சு" என்று ஒருவர் பெருமைக்குச் சொன்னால், அதை நம்பி மறுநாள் ஒரு பெண் விறகு பொறுக்கப் போவாள். "புலி ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது" என்று தப்பாகச் சொன்னால் ஒரு மாட்டுக்காரப் பையன் மேய்ச்சலுக்குப் போவான். அங்கே பொய்யின் விலை ஓர் உயிர். அடிபட்ட புலியை விட்டுவிட்டு வந்தவர் அதை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜவளகிரிக் கதையே போதும். வேட்டைக்காரர்களுக்குள் 'காயப்பட்ட மிருகத்தைத் தேடிப்போய் முடிக்க வேண்டும்' என்ற கட்டுப்பாடு இருந்தது வெறும் வீரத்துக்காக இல்லை.

ஆண்டர்சன் எழுத்தில் இந்த இரண்டு வகையும் கலந்து கிடக்கின்றன. சிலிர்ப்புக்காகச் சொன்னது ஒரு பக்கம். எந்த ஓடை, எந்தப் பாறை, எந்தத் திசையில் கால்தடம் என்று சொல்வது இன்னொரு பக்கம். ஆட்களைப் பற்றிய பேச்சில் சந்தேகப்படுகிறவர்கள் கூட அவர் இடங்களைச் சொல்லும் விதத்தில் ஏமாற்று கண்டுபிடிப்பது கஷ்டம். அவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்செட்டி, ஜவளகிரி என்று அலைகிற வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எழுதாமல் ஜெயித்தவர்கள்

ஆண்டர்சனுக்கு யார் கதை சொன்னது? இதுதான் முக்கியம்.

முதல் புத்தகத்தில் புலிகளுக்கு நடுவே ஒரு மனிதருக்கும் தனி அத்தியாயம் இருக்கிறது. பைரா என்ற பூசாரி. சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பழங்குடி மனிதர். சட்டப்படி பார்த்தால் திருட்டு வேட்டைக்காரர். பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் காட்டில் ஆண்டர்சனுக்கு வாத்தியார். எந்தக் குரல் மானுடையது, அந்த மான் எதைப் பார்த்துப் பயந்தது, மண்ணில் பதிந்த கால் எத்தனை மணி நேரத்துக்கு முந்தியது என்பதையெல்லாம் சொல்லித்தந்தவர். பென்னாகரத்து ரங்கா என்று இன்னொருவரும் பல கதைகளில் வருகிறார்.

இவர்களிடம் பைப் இல்லை, டைப்ரைட்டர் இல்லை. ஆனால் கதை இவர்களுடையது. வாயால் சொன்ன கதை இங்கிலீஷ் புத்தகமாகி லண்டன் வரை போனது. சொன்னவர்களின் ஊர்க்காரர்களில் பெரும்பாலோருக்கு அதைப் படிக்க வழியில்லாமல் போனது. ஆண்டர்சனை ஒரு விஷயத்துக்குப் பாராட்டலாம். 'என் வேலைக்காரன்' என்று ஒரு வரியில் முடித்துக்கொண்ட பல வேட்டை எழுத்தாளர்கள் மத்தியில், இவர் பெயர் சொல்லி, குணம் சொல்லி, தன்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்றே எழுதிவைத்தார். அந்த அத்தியாயம் இல்லையென்றால் பைரா என்று ஒருவர் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

இந்த மண்ணுக்குக் கதை கேட்பது புதிசும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும். விடியவிடிய உட்கார்ந்து கேட்கிற ஜனங்கள். அர்ச்சுனன் தபசுக்குக் கண்விழித்தவர்களுக்கு ஒரு புலிக்கதையில் எங்கே உண்மை, எங்கே ஜோடனை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதா என்ன?

பிறகு என்ன ஆனது?

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை முடிவுக்கு வந்தது. 1974-ல் ஆண்டர்சன் பெங்களூரில் காலமானார். கடைசிப் புத்தகம் 'ஜங்கிள்ஸ் லாங் அகோ' அவர் இறந்தபிறகு 1976-ல் வெளிவந்தது. பிற்காலத்தில் அவர் துப்பாக்கியைவிடக் கேமராவையே விரும்பினார்.

அதே 1970-களில்தான் ஓசூரில் சிப்காட் வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக எழும்பின. காடு சுருங்கியது. ஆனாலும் முழுசாகப் போய்விடவில்லை. 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் சுமார் 504 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது. 2022-ல் காவிரி தெற்கு சரணாலயம், சுமார் 686 சதுர கிலோமீட்டர். ஜவளகிரியும் அஞ்செட்டியும் இந்தக் காடுகளை ஒட்டியவைதான்.

பைப்பும் போய்விட்டது. போனது நல்லதுதான். எந்த வடிவத்தில் பிடித்தாலும் புகையிலை வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் கொண்டுவரும் என்று இன்று எல்லாருக்கும் தெரியும். 'போகையிலை' என்ற பெயர் அந்த விஷயத்தில் ரொம்பப் பொருத்தம், பிடித்தால் லேசில் போகாது.

கதை மட்டும் போகவில்லை. இன்றைக்கும் ராகி அறுவடை சமயத்தில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக்கூட்டம் இறங்குகிறது. விவசாயிகள் வயலில் பரண் கட்டி இரவெல்லாம் காவல் இருக்கிறார்கள். யானை எந்தப் பக்கம் போனது, எத்தனை, குட்டி இருந்ததா என்று ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்குச் செல்போனில் சேதி போகிறது. அந்தச் சேதியில் ஒரு யானையைக் கூட்டிச் சொல்ல முடியாது, குறைத்தும் சொல்ல முடியாது. காரணம், கேட்கிறவர் அதை நம்பித்தான் வயலுக்குப் போவதா, வீட்டிலேயே இருப்பதா என்று முடிவு செய்யப்போகிறார்.