சுழலும் வட்டம்: பஃபரிங்கின் சிறு வரலாறு

நீண்ட பதிவு; பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற மாதம் முழுவதும், சுனாபட்டியிலுள்ள எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஓடிடியில் எந்தப் படமும் தடையின்றி ஓடவில்லை. ஐந்து நிமிடம் படம், அரை நிமிடம் சுழலும் வட்டம். அம்மா மூன்றாம் நாளே, “விடும்மா, நான் தூங்கப் போறேன்” என்று எழுந்துவிட்டார். இணைப்பு வழங்குநரைத் தொலைபேசியில் அழைத்தபோது ஒரே விடைதான் கிடைத்தது: 100 மெகாபிட் திட்டத்தை 200 ஆக உயர்த்துங்கள். அப்பா தம் ஓய்வூதியத்திலிருந்து அதற்கான தொகையைக் கட்ட ஆயத்தமானார். இரண்டு நாள் பொறுக்குமாறு அவரை வேண்டிக்கொண்டு, இந்த வட்டத்தின் வரலாற்றைத் தேடி வாசித்தேன்.

முதலில், இடையகம் (பஃபர்) என்பது என்ன? மும்பைவாசிகளுக்கு இதை விளக்குவது எளிது. நம் குழாய்களில் தண்ணீர் நாள் முழுதும் வருவதில்லை. ஆகவே வரும் நேரத்தில் டிரம்மில் நிரப்பி வைக்கிறோம். குழாய் நின்றாலும் சமையல் நிற்பதில்லை. தொலைக்காட்சியும் அவ்வாறே அடுத்து வரவிருக்கும் சில நொடிப் படத்தை முன்கூட்டியே சேமித்து வைக்கிறது. வட்டம் சுழல்கிறது என்றால் டிரம் வற்றிவிட்டது என்று பொருள். தண்ணீர் எங்கே தடைப்பட்டது? ஏரியிலா, தெருக்குழாயிலா, வீட்டுக்குள்ளா? இணையத்தின் வரலாற்றில் இத்தடை ஓரிடத்திலேயே நிற்கவில்லை என்பதே இப்பதிவின் சாரம்.

தொடக்கத்தில் தடை தொலைவில் இருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, தொலைபேசிக் கம்பி வழியே கிடைத்த வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட் அளவினதே. இன்றைய உயர்தெளிவுப் படத்தின் ஒரு நிமிடம் அந்த வேகத்தில் வந்து சேர எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பின்னர் கம்பிகள் மேம்பட்டபோதும், தரவின் பெரும்பகுதி கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடலடிக் கம்பிவடங்கள் அறுந்தபோது இந்தியாவில் இணையம் தளர்ந்தது.

அடுத்து, தடை தெருவுக்கு வந்தது. 1980களில் மும்பையின் குடியிருப்புகளில் மாடிக்கு மாடி வடம் இழுத்து, வீடியோ கேசட்டுகளைச் சுழலவிட்டுப் படம் காட்டிய கேபிள்காரர்களில் பலர், பின்னாளில் அதே வழிகளில் இணையத்தையும் கொண்டுவந்தனர். 2004 ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே அது அகலக்கற்றை. ஒரே இணைப்பைப் பல வீடுகள் பகிர்ந்துகொண்டதால், மாலையில் அனைவரும் ஒருசேரத் திறக்கும்போது ஒவ்வொருவருக்கும் சொட்டுச் சொட்டாகவே கிடைத்தது.

இவ்விரு தடைகளும் இன்று பெரிதும் தளர்ந்துள்ளன. கண்ணாடியிழை வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. பெரிய ஓடிடி நிறுவனங்கள் தம் படங்களின் படிகளை இணைப்பு வழங்குநர்களின் வளாகங்களிலேயே வைத்துள்ளன. உயர்தெளிவுப் படத்துக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் போதும். எங்களிடம் இருப்பதோ 100. இருபது மடங்கு அகலமான குழாய் இருந்தும் டிரம் வற்றுகிறதெனில், 200 ஆக்குவது எவ்வாறு தீர்வாகும்?

இங்கேதான் 1986 ஆம் ஆண்டு நிகழ்வொன்று எனக்குத் துணைபுரிந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தொலைவு வெறும் 400 கெஜம். அவ்வாண்டு அக்டோபரில், அவற்றுக்கிடையே தரவு செல்லும் வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு வீழ்ந்தது. கம்பி அறுபடவில்லை, நெரிசல் கண்டும் அனுப்புவோர் தணியவில்லை. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், தரவுப் பொட்டலம் தொலைந்தால் அனுப்புநர் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை 1988 இல் முன்வைத்தார். பின்னர் நினைவகம் மலிவாகி, ரவுட்டர்களுக்குள் இடையகங்கள் பெருத்தன. பொட்டலங்கள் தொலைவதற்கு மாறாக நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. தணியவேண்டிய அறிகுறி காலந்தாழ்ந்தே கிட்டியது. ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியாளர் 2010 இல் தம் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டறிந்தார். மருந்தாக வந்த இடையகமே நோயாகவும் ஆகியிருந்தது.

வைஃபை மற்றொரு வரிசை. மொழியியல் பயின்றோருக்கு ஹார்வி சாக்ஸ் முதலியோர் 1974 இல் எழுதிய, உரையாடலில் முறைவைத்துப் பேசுதல் பற்றிய கட்டுரை நினைவிருக்கும். வைஃபையும் அதே ஒழுங்கில் இயங்குவது: ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே (1, 6, 11). சுவரோடு சுவர் ஒட்டிய நம் சால் வீடுகளில், அம்மூன்றையும் எத்தனை ரவுட்டர்கள் பங்கிடுகின்றன! தொலைவிலுள்ள ஒரு கைப்பேசி மெல்லப் பேசினாலும், அது முடிக்கும்வரை பிறர் காத்திருக்கவே வேண்டும்.

எனவே சோதனையை உள்ளிருந்து தொடங்கினோம். இரவு ஒன்பதரை மணிக்கு ரவுட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கு ஒரு லேன் கேபிளை நேரடியாகச் செருகினோம். இரண்டு மணி நேரப் படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. வெளியிணைப்பில் குறையில்லை என்பது உறுதியாயிற்று. எஃகு பீரோவுக்குப் பின்னால் இருந்த ரவுட்டரை வெளியே எடுத்து உயரத்தில் வைத்தோம். தொலைக்காட்சியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினோம். இந்த அலைவரிசை சுவர்களைக் கடக்கையில் விரைவில் வலுவிழக்கும். ஒரே அறை என்பதால் எங்களுக்குப் பொருந்தியது. என் கைப்பேசி நாள்தோறும் ஒன்பது மணிக்குப் புகைப்படங்களை மேலேற்றி வரிசையை நிரப்பிக்கொண்டிருந்தது. அதை நள்ளிரவுக்குத் தள்ளினேன்.

லேன் கேபிளிலும் படம் நின்றால் என்ன செய்வது? வேறொரு ஓடிடியைத் திறந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் நின்றால் குறை பெரும்பாலும் அச்சேவையினுடையது. எல்லாவற்றிலும், மாலையில் மட்டும் நின்றால், வழங்குநரின் பகிர்விணைப்பை ஐயுறலாம். தேதி, நேரம், கேபிள் சோதனையின் முடிவு ஆகியவற்றை எழுதி முறையிடுங்கள். அப்போது “திட்டத்தை உயர்த்துங்கள்” என்பது எளிய விடையாக இராது.

அப்பாவின் பணம் வங்கியிலேயே இருக்கிறது. அம்மா நேற்றிரவு ஒரு படத்தை முழுதாகப் பார்த்தார். நமக்கு விற்கப்படுவது குழாயின் அகலம். நம்மை வருத்துவதோ வரிசையின் நீளம். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்வரை, இல்லாத குறைக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்திக்கொண்டே இருப்போம்.

ஒரு வேண்டுகோள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் 1980களில் கேபிள் இழுத்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்தம் நினைவுகளைக் கேட்டு இங்கே எழுதுங்கள். நம் வீட்டுக்குப் படம் வந்த வழியை முதலில் அமைத்தவர்கள் அவர்களே.