யாருக்கும் வேண்டாத காட்டில் வான்கோழி

அமெரிக்காவில் வசந்தம் வந்தால் காட்டு வான்கோழி வேட்டைப் பருவம். பணம் உள்ளவர் வழிகாட்டி வைத்துக்கொள்வார். பண்ணை உள்ளவர் தன் வேலிக்குள்ளேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். இரண்டும் இல்லாதவருக்கு இருக்கும் வழி அரசு நிலம்தான். மாநிலம் தரும் உரிமச் சீட்டை வாங்கிக்கொண்டு, எந்தக் காட்டில் நுழையலாம், எந்த வேலியைத் தாண்டக் கூடாது என்று அவரே வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் விரல் வைத்துத் தேடும் அந்தப் பச்சை, மஞ்சள் திட்டுகள் இருநூறு ஆண்டு நில விற்பனையில் விலை போகாமல் நின்றவை, அல்லது பாழாகிப்போன பிறகு அரசு திரும்ப வாங்கியவை.

கதை 1785-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு வந்த நிலச் சட்டம், மேற்கே விரிந்த நாட்டைச் சதுரம் சதுரமாக அளந்து விற்க வழி செய்தது. ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் கொண்டது ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 துண்டுகள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 16-ஆம் துண்டு பள்ளிக்கூடத்துக்கு. பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம் இப்படித்தான் கட்டம் போட்டு விலைக்கு வந்தது. 1862-இன் குடியேற்றச் சட்டம் இன்னும் தாராளமானது: ஐந்தாண்டு குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தம். ஆற்றோரமும் கரிசலும் முதலில் போயின. செங்குத்துச் சரிவையும் பாறையையும் தண்ணீரில்லாத மேய்ச்சல் வெளியையும் கேட்க ஆளில்லை. நம்மூரில் பட்டா போடாமல் விட்ட புறம்போக்கைப் போல அவை அரசின் கணக்கிலேயே தங்கின. இன்று கூட்டாட்சி அரசிடம் சுமார் 64 கோடி ஏக்கர் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மேற்கிலும் அலாஸ்காவிலும். நெவாடா மாநிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு அரசு நிலம். டெக்சாஸ் 1845-இல் ஒன்றியத்தில் சேர்ந்தபோது தன் நிலத்தைத் தானே வைத்துக்கொண்டு, பிறகு விற்றுத் தீர்த்தது. வான்கோழிகள் ஏராளமாக உள்ள அந்த மாநிலத்தில் இன்று 90 விழுக்காட்டுக்கும் மேல் தனியார் நிலம்.

நிலத்துக்கு நேர்ந்தது ஒன்று. பறவைக்கு நேர்ந்தது வேறு. 1842-இல் நியூஜெர்சியின் சிப்பிப் படுகைகளைப் பற்றிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலிருந்து, காட்டுயிர்கள் மக்களின் பொதுச்சொத்து, அரசு அவற்றின் காப்பாளர் மட்டுமே என்ற கொள்கை வளர்ந்தது. இங்கிலாந்தில் வேட்டை உரிமை நிலத்துக்காரரோடு ஒட்டியது. அமெரிக்காவில் வான்கோழி எல்லோருக்கும் சொந்தம். அது நிற்கும் தரை மட்டும் யாரோ ஒருவருடையது.

எல்லோருக்கும் சொந்தமானதை எல்லோரும் சுட்டார்கள். ரயில் வந்ததும் இறைச்சிச் சந்தைக்குப் பறவைகள் போயின. காடுகள் வயலாயின. கனெக்டிகட்டில் 1813-லும், மாசசூசெட்ஸின் டாம் மலையில் 1851-லும் கடைசிக் காட்டு வான்கோழி காணப்பட்டது. சட்டத்தை மீறிச் சுட்ட விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதை 1900-இன் லேசி சட்டம் தடுத்தபோது காலம் கடந்திருந்தது. 1930-களில் எஞ்சிய பறவைகள் தென் மாநிலச் சதுப்புகளிலும் அப்பலாச்சியன், ஓசார்க் மலை மடிப்புகளிலும் ஒளிந்திருந்தன. உழவர்கள் வேண்டாமென்று விட்ட இடங்கள்தான் அவையும்.

கிழக்கே அப்போது அரசிடம் நிலம் அதிகம் இல்லை. மரம் வெட்டும் நிறுவனங்கள் மலைகளை மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தன. மண் சரிந்தது, ஆறுகள் பெருகி ஊர்களை அடித்தன. ஆற்று நீர்ப்பிடிப்பைக் காக்கவென்று 1911-இல் வந்த வீக்ஸ் சட்டம், விற்க முன்வருவோரிடமிருந்து மலை நிலத்தை வாங்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. வட கரோலினாவில் பெருஞ்செல்வந்தர் ஜார்ஜ் வாண்டர்பில்ட் இறந்த பிறகு, அவர் மனைவி எடித் 1914-இல் 86,000 ஏக்கருக்கு மேல் விற்றார். பிஸ்கா தேசியக் காடு உருவானது அப்படித்தான். பெருமந்தக் காலத்தில் கைவிடப்பட்ட பண்ணைகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தன. உழவு நின்ற இடத்தில் மரம் முளைத்தது.

காடு திரும்பியது, ஆனால் பறவை திரும்பப் பணம் வேண்டியிருந்தது. 1937-இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போட்ட வரியைக் காட்டுயிருக்கென்றே ஒதுக்கி மாநிலங்களுக்குப் பிரித்துத் தந்தது. அந்தப் பணத்தில் மாநிலங்கள் நிலம் வாங்கின, உயிரியலாளர்களை வேலைக்கு வைத்தன.

முதலில் அவர்கள் செய்தது வீண்வேலை. கூண்டில் பொரித்து வளர்த்த குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டார்கள். தாயிடம் பாடம் கற்காத அந்தக் குஞ்சுகள் நரிக்கும் ஆந்தைக்கும் இரையாயின. வழி 1951-இல் திறந்தது. நீர்ப்பறவைகளைப் பிடிக்க உருவான, சிறு பீரங்கிகளால் வீசி விரிக்கும் வலையைத் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மரியன் தேசியக் காட்டில் உயிரியலாளர் ஹெர்மன் ஹோல்ப்ரூக் வான்கோழிகள் மீது விரித்தார். அதுவும் அரசு வாங்கிச் சேர்த்த காடுதான். பிறகு காட்டில் பிடித்த பறவையைக் காட்டிலேயே விடுவது எங்கும் வழக்கமாயிற்று. மிசூரி 1937-இல் மூடிய வேட்டையை 1960-இல் மீண்டும் திறந்தது. கென்டக்கிக்கு வான்கோழி கொடுத்து, பதிலுக்கு நீர்நாய் பெற்றுக்கொண்டது. மாசசூசெட்ஸ் 1972–73-இல் நியூயார்க்கிலிருந்து 37 பறவைகளைக் கொண்டுவந்தது. இன்று அலாஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் வான்கோழி வேட்டை உண்டு.

பறவை பெருகியதும் இடம் தேடும் கலை வளர்ந்தது. மாவட்ட அலுவலகத்தில் நில உரிமையாளர் பெயர் அச்சிட்ட பதிவேட்டை வாங்குவார்கள். நிலவியல் அளவைத் துறையின் 1:24,000 வரைபடத்தில் மேட்டையும் ஓடையையும் படிப்பார்கள். நில மேலாண்மைப் பணியகத்தின் வரைபடத்தில் மஞ்சள் அந்தப் பணியகத்துடையது, பச்சை தேசியக் காடு, நீலம் மாநிலத்துடையது, வெள்ளை தனியாருடையது. முந்தின மாலை மண்சாலையில் நின்று ஆந்தை போல அலறுவார்கள். மரத்தில் அடைந்திருக்கும் சேவல் பொறுக்காமல் பதில் குரல் கொடுத்துவிடும். விடியலில் அதன் அருகே போய், பெட்டையின் குரலை எழுப்பும் மரப்பெட்டியை உரசுவார்கள். ஆர்கன்சாவைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் அப்படியொரு பெட்டிக்கு 1897-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார்.

2009-இல் மொன்டானாவில் தொடங்கிய ஒரு நிறுவனம் நில உரிமைக் கோடுகளை ஜிபிஎஸ் கருவிக்குள் வைத்தது. பின்னர் அது கைபேசிக்கு வந்தது. உள்ளூர்க்காரர் மட்டும் அறிந்திருந்த நாற்பது ஏக்கர்த் துண்டு இப்போது எல்லோர் திரையிலும் தெரிகிறது. அதனால் அனுபவசாலிகள் வண்டி போகாத பூட்டிய கதவுக்கு அப்பால், ஓடையைக் கடந்து நடக்க வேண்டிய இடமாகப் பார்க்கிறார்கள்.

திரையில் இன்னொன்றும் தெரிந்தது. மேற்கு மாநிலங்களில் சுமார் 95 லட்சம் ஏக்கர் கூட்டாட்சி நிலத்துக்குப் பொதுப் பாதையே இல்லை என்று 2018-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இதில் பழைய சதுரக் கணக்குக்கும் பங்குண்டு. ரயில் நிறுவனங்களுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாகத் துண்டுகளைக் கொடுத்ததால், பல இடங்களில் நிலம் சதுரங்கப் பலகையாகக் கிடக்கிறது. இரண்டு அரசுத் துண்டுகள் ஒரு மூலைப் புள்ளியில் மட்டும் தொட்டுக்கொள்ளும். 2021-இல் வயோமிங்கில் எல்க் மான் வேட்டைக்குப் போன நால்வர், தனியார் மண்ணில் கால் வைக்காமல் அப்படிப்பட்ட மூலைகளைத் தாண்டினார்கள். நிலத்துக்காரர் வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. பொதுநிலத்தை வேலியிட்டு அடைப்பதைத் தடுக்கும் 1885-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் கைகொடுத்தது. வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கன்சாஸ், ஓக்லஹோமா ஆகிய ஆறு மாநிலங்கள் அந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகின்றன. மொன்டானா அதற்கு வெளியே. மூலை தாண்டுவது இங்கே சட்டவிரோதமே என்று அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் அதன் காட்டுயிர்த் துறை சொல்லிவருகிறது.