கல்முனைக் கரையோரப் பஸ் சேவையும் பிரயாணிகளின் மனநிறைவும்

கிழக்கிலங்கையின் புகையிரதப் பாதை மட்டக்களப்போடு முடிவடைகின்றது. அதன் தெற்கே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நெடுஞ்சாலையோரம் தொடுத்தாற்போல் அமைந்த ஊர்களுக்குப் பொதுப் போக்குவரத்து என்பது பஸ் வண்டியே. எனவே, இப்பகுதியின் பஸ் வரலாறு மக்களின் அன்றாட வாழ்வின் வரலாறுமாகும்.

1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் கம்பெனிகளின் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிற்று. இலாபம் தராத பாதைகளிலும் வண்டி ஓடவேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1978இல் சபை பிராந்திய சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் வண்டிகளுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. வண்டிகள் பெருகின. ஆயினும், ஆட்கள் நிரம்பும்வரை காத்திருத்தலும் பின்னர் போட்டியிட்டு ஓடுதலும் உடன்வந்தன. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிய பிரயாணிக்கு நேரம் என்பதே நிச்சயமற்றதாயிற்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைச் சிதைத்தது. 2005இல் சபை மீண்டும் ஒன்றாக்கப்பட்டது.

இம்மாற்றங்கள் யாவும் வண்டியின் உரிமையாளர் யார் என்ற வினாவையே சுற்றின. பிரயாணியின் மனநிலை வினாவாகவில்லை. நேரம் தவறாமை, அமர இடம், மரியாதையான நடத்துகை ஆகியன கிட்டாதவன் வசதி வந்ததும் மோட்டார் சைக்கிளுக்கு மாறுகின்றான். வருமானம் குறைய, சேவையும் குறைகின்றது. எஞ்சி நிற்போர் மாணவரும் பெண்களும் முதியோருமே. வேறு வழியின்றி ஏறுவோரின் கூட்டத்தை மனநிறைவின் சான்றாகக் கொள்வது தவறாகும். வழியிருந்தும் பஸ்ஸை நாடுவோரின் தொகையே சேவையின் உண்மையான அளவுகோல்.