கல் உருட்டி மெருகிடல்

கல் உருட்டி மெருகிடல் என்பது கரடுமுரடான சிறு கற்களை, தேய்ப்புத்தூளும் நீரும் கலந்து, சுழலும் கலன் ஒன்றில் பல நாட்கள் உருட்டிப் பளபளப்பாக்கும் முறை ஆகும். இதற்குரிய கருவி உருட்டுக்கலன் எனப்படுகிறது. சிறிய மின்னோடியால் இயங்குவதால் இதனை வீட்டிலேயே பயன்படுத்தலாம். எல்லாக் கற்களும் இம்முறையில் மெருகேறுவதில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சியின் மலைகளும், அம்மலைப் பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆறும் இதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள உதவும் எடுத்துக்காட்டுகள் ஆகும்.

செயற்படும் விதம்

ஆற்றில் உருளும் கற்கள் ஒன்றோடொன்று மோதி, மணலால் தேய்ந்து கூழாங்கற்கள் ஆகின்றன. உருட்டுக்கலனிலும் இதுவே நிகழ்கிறது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கூழாங்கல்லின் மேற்பரப்பில் நுண்ணிய கீறல்கள் எஞ்சியிருக்கும். நனைந்திருக்கும்போது அக்கீறல்களை நீர் நிரப்புவதால் கல் பளபளக்கும், உலர்ந்ததும் மங்கிவிடும். உருட்டுக்கலனில் படிப்படியாக நுண்மை கூடிய தூள்கள் இடப்படுவதால் கீறல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்து, உலர்ந்த பின்னும் பளபளப்பு நிலைக்கிறது.

கலனில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை கற்கள் இடப்படும். கலன் சுழலும்போது கற்கள் ஒருபுறம் மேலேறிப் பின் சரிந்து வழுக்குகின்றன. இச்சரிவிலேயே தேய்வு நடைபெறுகிறது. கற்கள் குறைவாக இருந்தாலோ, வேகம் மிகுந்தாலோ அவை விழுந்து மோதி உடையக்கூடும்.

படிநிலைகள்

பொதுவாக நான்கு படிநிலைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு வாரம் தேவைப்படும்.

1. பருந்தேய்ப்பு: 60 முதல் 90 வரையிலான எண்ணுள்ள சிலிக்கான் கார்பைடு தூள் கல்லின் முனைகளை மழுக்குகிறது. கடினமான கற்களுக்குக் கூடுதல் நாட்கள் ஆகலாம்.
2. இடைத்தேய்ப்பு: 120 முதல் 220 வரையிலான எண்ணுள்ள தூள் முந்தைய கீறல்களை நீக்குகிறது.
3. நுண்தேய்ப்பு: ஏறத்தாழ 500 எண்ணுள்ள தூள் மேற்பரப்பை மெருகிற்கு ஆயத்தப்படுத்துகிறது.
4. மெருகு: அலுமினியம் ஆக்சைடு அல்லது சீரியம் ஆக்சைடு பயன்படுகிறது.

எண் கூடக்கூடத் தூளின் நுண்மை கூடும். ஒரு படிநிலை முடிந்ததும் கற்களையும் கலனையும் நன்கு கழுவ வேண்டும். பருந்தூள் சிறிதளவு தங்கினாலும் இறுதி மெருகு கெட்டுவிடும். கடினத்தன்மையில் ஒத்த கற்களையே ஒன்றாக இட வேண்டும். இல்லையேல் மென்மையான கல் கரைந்து போகும்.

செஞ்சிக் கருங்கல்

செஞ்சிக் கோட்டை இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று கருங்கற் குன்றுகளை இணைத்துக் கட்டப்பட்டது. இக்குன்றுகளில் காணப்படும் உருண்டைப் பாறைகள் ஆற்றில் உருண்டு வடிவம் பெற்றவை அல்ல. பாறையின் வெடிப்புகளில் நீர் இறங்கி, மூலைகளை விரைந்து சிதைத்ததால் அவை உருண்டையாயின.

கருங்கல் பல கனிமங்களின் கலவை. மோவின் அளவுகோலில் அதிலுள்ள குவார்ட்சின் கடினத்தன்மை 7, பெல்ட்ஸ்பாரின் கடினத்தன்மை ஏறத்தாழ 6, காக்காப்பொன் எனப்படும் அப்பிரகத்தின் கடினத்தன்மை ஏறத்தாழ 3. உருட்டும்போது அப்பிரகம் முதலில் தேய்ந்து குழிகள் உண்டாவதால் சீரான மெருகு கிடைப்பது அரிது. பெரிய கருங்கற் பலகைகளைத் தட்டையான எந்திரங்களால் மெருகிடுவது வேறு முறையாகும். உருட்டுவதற்கு வெங்கச்சங்கல், அகேட், ஜாஸ்பர், சூதுபவளம் போன்ற குவார்ட்சு வகைக் கற்களே ஏற்றவை.

சங்கராபரணிக் கரையில்

வராக நதி, செஞ்சி ஆறு என்றும் அழைக்கப்படும் சங்கராபரணியின் கரையில் திருவக்கரை அமைந்துள்ளது. இங்குள்ள கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையானவை எனக் கருதப்படுகின்றன. மரத்தின் இழையங்களில் சிலிக்கா படிந்து இவை கல்லாயின. குவார்ட்சை ஒத்த கடினத்தன்மை உடையதால் கல்மரம் நன்கு மெருகேறும். உலகின் பல பகுதிகளில் மெருகிட்ட கல்மரத் துண்டுகள் விற்கப்படுகின்றன. ஆனால் திருவக்கரை, இந்தியப் புவியியல் ஆய்வகத்தால் பாதுகாக்கப்படும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் ஆகும். இங்கிருந்து துண்டுகளை எடுத்துச்செல்லக் கூடாது. கல்லின் வளையங்களும் இழையமைப்பும் அக்கால மர இனங்களை அறியும் சான்றுகள். இடம் பெயர்ந்து தேய்ந்த துண்டு அச்சான்றை இழந்துவிடுகிறது. இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள செஞ்சிக் கோட்டைக்கும் இது பொருந்தும். இக்கோட்டை 2025 இல் மராத்தியப் படைத்துறை நிலத்தோற்றங்களில் ஒன்றாக யுனெசுகோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

வரலாறு

சங்கராபரணியின் கிளையான அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945 இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழாய்வு செய்தனர். அங்குக் கிடைத்த பொருட்களில் கண்ணாடி மணிகளும், பல்வகைக் கல்மணிகளும், முற்றுப்பெறாத மணிகளும் அடங்கும். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலிலும் கல்மணித் தொழில் நடைபெற்றதற்கான சான்றுகள் உள்ளன.

குசராத்தின் கம்பாத்தில் மணிகளைத் தேய்ப்புத்தூளோடும் நீரோடும் தோற்பையில் இட்டு, இருவர் எதிரெதிரே அமர்ந்து பல நாட்கள் உருட்டி மெருகிட்டனர். பின்னர் அப்பையின் இடத்தை மின்னோடியால் சுழலும் கலன்கள் பிடித்தன. தேய்ப்புக்குப் பயன்படும் கனிமமான கொரண்டத்தின் பெயர் குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்ததாகக் கூறப்படுகிறது.

பாதுகாப்பு

சிலிக்கா தூசியை நெடுங்காலம் சுவாசிப்பதால் நுரையீரல் தழும்புற்றுச் சிலிக்கோசிசு என்னும் நோய் உண்டாகிறது. இது குணப்படுத்த இயலாதது. உலர்நிலையில் அகேட்டைச் சாணை பிடிக்கும் கம்பாத்துத் தொழிலாளரிடையே இந்நோய் பரவலாகக் கண்டறியப்பட்டுள்ளது. மூடிய கலனில் நீருடன் உருட்டும்போது தூசி எழுவதில்லை. எனினும் கற்களை உலர்நிலையில் உடைத்தல், அறுத்தல், காய்ந்த சேற்றைத் துடைத்தல் ஆகியவை ஆபத்தானவை. கலனில் எஞ்சும் சேறு கழிநீர்க் குழாயில் படிந்து இறுகி அடைத்துவிடும். எனவே அதனை ஈரமாகவே வாளியில் சேர்த்து, குழாயில் ஊற்றாமல் அகற்ற வேண்டும்.