காரணி என்று அழைக்கப்பட்ட வாயு

1962 போரை ஒட்டிச் சமவெளியிலிருந்து லடாக்கின் உயரங்களுக்கு விரைந்து அனுப்பப்பட்ட இந்திய வீரர்களுள் சிலர், குண்டு படாமலேயே மூச்சுத் திணறி மாண்டனர். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. லே மருத்துவமனையில் கண்ட 101 நோயாளிகளைக் குறித்து மேனன் என்னும் மருத்துவர் 1965இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

இதற்கான திறவுகோல் முன்பே கிடைத்திருந்தது. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன என்பதை வான் ஆய்லரும் லில்யஸ்ட்ராண்டும் 1946இல் பூனைகளிடம் கண்டனர். உடலின் பிற பகுதிகளில் குழாய்கள் விரியும். நுரையீரலிலோ காற்றில்லாத மூலையைத் தவிர்த்துக் குருதி வேறு வழி செல்வதற்காக அவை சுருங்கும். சமவெளியில் இது நல்ல ஏற்பாடு. மலையில் நுரையீரல் முழுவதுமே காற்றுக்கு ஏங்குகிறது. குழாய்கள் சீரின்றிச் சுருங்க, அழுத்தம் ஏறி நீர் கசிகிறது.

சுருங்கிய குழாயைத் தளர்த்துவது எது? 1980இல் நியூயார்க்கில் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனியை வைத்து ஒன்றைக் காட்டினார்: உட்படலத்தைச் சுரண்டிவிட்டால், அசிட்டைல்கோலின் கொடுத்தாலும் குழாய் தளர்வதில்லை. அப்படலம் ஏதோ ஒன்றை வெளியிடுகிறது. அந்த 'ஏதோ ஒன்று' தளர்த்தும் காரணி எனப் பெயர் பெற்றது. மொழியியல் பயின்றவள் என்பதால் இங்குச் சற்று நிற்கிறேன். 'காரணி' என்பது பெயரன்று, காலியிடம். அதை நிரப்ப ஏழாண்டுகள் ஆயின. வண்டிப் புகையில் வரும் நச்சான நைட்ரிக் ஆக்சைடை உடலே தூதாக அனுப்பும் என எளிதில் யார் நினைப்பார்? 1986இல் ஃபர்ச்காட்டும் இக்னாரோவும் தனித்தனியே அதை முன்மொழிந்தனர். 1987இல் மொன்காடா குழுவினர் அளந்து காட்டினர். 1998 நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகியோருக்குச் சென்றது. மொன்காடா விடுபட்டது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

1996இல் ஆல்ப்ஸ் மலையில், 4,559 மீட்டர் உயரக் குடிலொன்றில், இந்நோய்க்கு ஆளாகும் இயல்புடையோரை நைட்ரிக் ஆக்சைடைச் சுவாசிக்கச் செய்தனர். நுரையீரல் தமனியின் அழுத்தம் தணிந்தது. குருதியில் ஆக்சிஜன் கூடியது. லே மருத்துவரின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 31 ஆண்டுகள்.

ஆக்சிஜன் குறைந்ததைக் குழாய் முதலில் உணர்வது எவ்வாறு என்பது வேறு கேள்வி. அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடே அவ்வுணரி என 2006இல் ஓல்சன் குழுவினர் வாதிட்டனர். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.